குறுவையும் சம்பாவும்: கும்பகோணத்தில் இரண்டு பதிப்பாசிரியர்கள்

1880களில் ஒருநாள். கும்பகோணத்தில் ஒரு வக்கீல், கல்லூரித் தமிழ் வாத்தியார் ஒருவரைப் பார்க்க வந்தார். வக்கீலுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாத்தியாருக்கு முப்பதை ஒட்டிய வயது. வந்தது வழக்கு விஷயமாக அல்ல, ஒரு புத்தகத்துக்காக. சீவக சிந்தாமணியைத் தாமே அச்சிட விரும்புவதாகச் சொன்ன வக்கீல், வாத்தியாரிடம் சேர்ந்திருந்த ஏடுகளையும் குறிப்புகளையும் தந்து உதவும்படி கேட்டார். அச்சு வேலையில் தமக்கிருந்த பழக்கத்தையும் எடுத்துச் சொன்னார். கேட்டவர் வயதில் பெரியவர், படிப்பில் பெரியவர், ஊரறிந்தவர். ஆனாலும் வாத்தியார் கொடுக்கவில்லை.

வக்கீல், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. வாத்தியார், பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையர்.

ஐயரின் பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பாடத்திலேயே தமிழ்த் தாத்தா வந்துவிடுகிறார். பிள்ளையின் பெயரை யாழ்ப்பாணத்தில் சொன்னால் பெரியவர்களின் முகம் மலரும், தஞ்சாவூரில் சொன்னால் பலர், “யாருங்க அவரு?” என்பார்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே காலத்தில், ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒரே வேலையைச் செய்தவர்கள். கறையான் தின்றுகொண்டிருந்த ஓலைகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைப் பிரித்தெடுத்துக் காகிதத்தில் ஏற்றிய வேலை அது. வேலை ஒன்றுதான். அதைச் செய்த விதத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஒரே வேலையில் இருக்கும் இருவர் ஒத்துப்போகாவிட்டால் நாம் உடனே அதைக் கோளாறு என்று தீர்மானித்துவிடுகிறோம். யாராவது ஒருவரை மாற்ற வேண்டும், திருத்த வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு எழுகிறது. கும்பகோணத்துக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தத் தீர்மானத்தில் நம்பிக்கை போய்விட்டது.

ஓர் ஓலையைக் கையில் எடுத்தால்

இந்த வேலை என்ன வேலை என்பது தெரிந்தால்தான் சண்டையின் கனம் புரியும். ஏட்டுக் கட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேலும் கீழும் மரச்சட்டம். ஓலைகளில் துளையிட்டுக் கோத்த நூல், கட்டைச் சுற்றி இறுக்கிய கயிறு. அவிழ்த்தவுடன் பழைய எண்ணெய் வாடை வரும். ஓலை பழுப்பேறி, ஓரம் அரித்து, நடுவில் பூச்சி துளைத்த கோடுகளோடு இருக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் முனை முறிந்து கையில் வந்துவிடும். எழுத்தாணி கீறிய வரி லேசில் கண்ணுக்குத் தெரியாது. மை தடவித் துடைத்தால்தான் எழுத்து கறுத்து எழும்பும்.

அப்படி எழும்பிய எழுத்தைப் படிப்பது அடுத்த பாடு. ஏட்டில் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்பதால் எழுதியவர்கள் அதை விட்டுவிடுவார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவம். ‘எரி’ என்று எழுதியிருந்தால் அது நெருப்பாகவும் இருக்கலாம், ஏரியாகவும் இருக்கலாம். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ‘பாவை’க்கும் ‘பரவை’க்கும் வித்தியாசம் தெரியாது, பொம்மையா கடலா என்று படிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ‘கொல’ என்று இருப்பது கொல், கோல், கோல மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். செய்யுளுக்கு அடி பிரித்திருக்க மாட்டார்கள். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம் கிடையாது. யாப்பு, பொருள், முன் பின் வழக்கு மூன்றையும் வைத்து ஒவ்வொரு சொல்லையும் தீர்க்க வேண்டும். சிந்தாமணியில் மட்டும் 3145 பாட்டுகள் இருக்கின்றன.

வேலை இவ்வளவு மெதுவாக நடக்க வேண்டியது. ஓலைகளோ வேகமாக அழிந்துகொண்டிருந்தன. ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றோடு விடும் வழக்கம் அன்றைக்கு இருந்தது. தென்பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை ஆகம விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்கள் என்பதைக் கேட்டு ஐயர் துடித்துப்போனதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். நிதானமாகச் செய்யாவிட்டால் பிழை, சீக்கிரம் செய்யாவிட்டால் சாம்பல் என்ற இந்த நெருக்கடியில் ஆளுக்கு ஒரு பக்கத்தை இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

கெடு பார்த்தவர்

தாமோதரம் பிள்ளை 1832இல் பிறந்தவர். வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பத்திரிகை வேலை, ஆசிரியர் வேலை, அரசாங்கக் கணக்கு இலாகா என்று பல படி ஏறி, நடுவயதில் சட்டமும் படித்துத் தேறினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றதும் கும்பகோணத்தில் வக்கீலாக அமர்ந்தார். பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியானார்.

பதிப்பு வேலையில் அவருக்கு முன்னோடி ஆறுமுக நாவலர். நாவலர் பார்த்துத் திருத்திய தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை 1868இல் பிள்ளைதான் வெளியிட்டார். நாவலர் 1879இல் மறைந்த பிறகு அந்த ஓட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று வரிசையாக வந்தன. இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத் துறை முழுவதும் சேர்ந்து செய்யத் தயங்கும் வேலை இது. அவர் ஜீவனத்துக்கு வேறு தொழில் பார்த்துக்கொண்டே செய்தார்.

கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில், ஏடு எடுக்கும்போது ஓரம் முறிவதையும், கட்டு அவிழ்க்கும்போது இதழ் ஒடிவதையும் அவர் விவரிக்கும் இடம் படித்தவர் மனத்தை விட்டுப் போகாது. தம்மைவிடக் கற்றவர்கள் முன்வராததால்தான் தாம் துணிந்ததாகவும் பதிப்புரைகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அவரிடம் வக்கீலின் மனம் தெரிகிறது. நல்ல வழக்காக இருந்தாலும் கெடு தாண்டிவிட்டால் செல்லாது. எனவே கையில் இருக்கும் ஆதாரத்தோடு உடனே தாக்கல் செய்துவிட வேண்டும், குறை இருந்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். அவர் பதிப்பித்த முறை எனக்கு அப்படித்தான் படுகிறது.

இந்த வேகத்துக்கு விலை இருந்தது. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே அவர் வெளியிட்டார். பின் இயல்களுக்கு அதில் இருப்பது பேராசிரியர் உரை என்று பின்வந்த புலவர்கள் கண்டுபிடித்தார்கள். பெரிய பிழைதான். ஆனால் அந்தப் புலவர்கள் கண்டுபிடிக்கும்படி உரை அச்சில் கிடைத்தது பிள்ளையால். உரை ஓலையிலேயே இருந்து மண்ணாகியிருந்தால் யாருடைய உரை என்று வாதாடுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

ஏழு வருஷம் எடுத்தவர்

சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். ஆங்கிலக் கல்லூரிப் படிப்பு கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் அடியொற்றிப் பாடம் கேட்டவர். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்தில் கும்பகோணம் கல்லூரிக்கு வந்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய்.

அந்த வருஷம் அக்டோபரில் ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் பாடம் கேட்டவற்றை அடுக்கினார். முதலியார் அசையவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. ஏடே கிடைக்கவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கத்தில்தான் அவருடைய மீதி ஆயுள் தீர்மானமாயிற்று. பிறகு முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்தார்.

ஐயர் உடனே அச்சகத்துக்கு ஓடவில்லை. சைவ மடத்தில் வளர்ந்த அவருக்குச் சமண காவியத்தின் பரிபாஷை விளங்கவில்லை. ஆகவே கும்பகோணத்திலேயே வாழ்ந்த ஜைனர்களின் வீடு தேடிப் போய், அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சந்தேகமாகக் கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு சைவ மடத்து வித்துவான் இப்படிச் செய்வது லேசான காரியம் அல்ல. ஊர் ஊராகப் பிரதி தேடினார். பகலில் கல்லூரி, இரவில் ஏடு. நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சொல்லாமல் காட்டியிருக்கும் பழம்பாட்டு வரிகள் எந்த நூலில் உள்ளவை என்று தேடி எழுதிவைத்துக்கொண்டே வந்தார். கையில் காசில்லாததால் முன்கூட்டிக் கையொப்பம் வாங்கி, விடுமுறையில் சென்னைக்குப் போய் அச்சு வேலையைப் பார்த்தார். 1887இல் புத்தகம் வெளிவந்தது.

முதலியார் வீட்டுக்குப் போன அக்டோபரிலிருந்து கணக்குப் போட்டால் ஏழு வருஷம். அதே ஏழு வருஷத்தில் பிள்ளை ஐந்து நூல்களை வெளியிட்டுவிட்டார்.

மடையில் நடந்த தகராறு

வேகத்துக்கும் நிதானத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் நெல்லிலும் உண்டு, டெல்டாக்காரர்களுக்கு நான் அதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. குறுவை நூறு, நூற்றுப்பத்து நாளில் களத்துக்கு வந்துவிடும். ஆனால் அறுப்பு நேரத்தில் ஐப்பசி மழை முந்திக்கொண்டால் ஈர நெல்லை வைத்துக்கொண்டு சாலையில் உட்கார வேண்டும். சம்பாவுக்கு ஐந்து மாதம். அரிசி நன்றாக இருக்கும், வைக்கோல் நீளமாகக் கிடைக்கும். ஆனால் தை பிறப்பதற்குள் ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டால் கடைமடையில் கதிர் பால் பிடிக்காமல் போய்விடும். முந்தியதற்கு ஓர் ஆபத்து என்றால் பிந்தியதற்கு வேறோர் ஆபத்து. எங்கள் பக்கத்தில் எந்த விவசாயியும் இதில் ஒன்றைக் குற்றம் என்று சொல்லிக் கேட்டதில்லை. தகராறு வருவது பயிரில் அல்ல, மடையில். யார் முறை, யாருக்குத் தண்ணீர் என்பதில்.

பிள்ளையும் ஐயரும் மோதியதும் மடையில்தான். ஏடு கொஞ்சம், கேட்பவர் இருவர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் இருவருக்குமே உதவினார். ஆனால் சிந்தாமணி விஷயத்தில் பங்கு பிரிக்க வழியில்லை. பிள்ளையின் கண்ணுக்கு ஒரு நூல் பல வருஷமாக அச்சேறாமல் ஒருவர் வீட்டில் கிடக்கிறது. அச்சிடத் தெரிந்தவர், அச்சிடக் கூடியவர் தாம். ஐயரின் கண்ணுக்கோ வருஷக்கணக்காக இரவு விழித்துத் தான் தெளிந்த பாடத்தை, அந்த வேலையில் பாதிகூட இறங்காத ஒருவர் கேட்கிறார். இரண்டு பார்வையிலும் நியாயம் இருக்கிறது.

இந்தச் சந்திப்பை ஐயர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். 1940இல் ஆனந்த விகடனில் அது வெளிவரத் தொடங்கியபோது பிள்ளை மறைந்து ஏறக்குறைய நாற்பது வருஷம். வருத்தம் அந்தப் பக்கங்களில் ஆறாமல் இருக்கிறது. பிள்ளை சுயசரிதை எழுதவில்லை. அவருடைய தரப்பு நமக்குக் கிடைத்திருப்பது பதிப்புரைகளில் மட்டும். சொந்தக் கதை எழுதியவருக்குச் சாதகமாகவே இந்த வழக்கை நாம் எண்பது வருஷத்துக்கு மேலாகத் தீர்த்துவருகிறோம். வக்கீலாக இருந்த ஒருவருக்கு இது பெரிய அநியாயம்.

அதற்காக ஐயர் ஏட்டைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்காததுதான் சரி. கொடுத்திருந்தால் சிந்தாமணி சில வருஷம் முன்னால் வந்திருக்கும். ஆனால் அந்தச் சிந்தாமணிக்குள் கும்பகோணத்து ஜைனர்களின் விளக்கம் இருந்திருக்காது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மேற்கோள் வரிகளைத் தேடித் தேடி எழுதிவைத்த குறிப்புகள்தான் ஐயருக்குச் சங்க நூல்களின் வாசலைத் திறந்தன. சிந்தாமணிக்கு ஏழு வருஷம் எடுத்தவர் பத்துப்பாட்டை இரண்டே வருஷத்தில், 1889இல் கொண்டுவந்தார். 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. முதல் நூலில் பட்ட தாமதம் அடுத்தடுத்த நூல்களுக்கு உரமாயிற்று.

அவர் கொடுக்க மறுத்ததில் பிள்ளைக்கும் லாபம் இருந்தது. சிந்தாமணியை விட்ட கை கலித்தொகையைப் பிடித்தது. இரண்டு புத்தகமும் ஒரே வருஷத்தில், 1887இல் தமிழனுக்குக் கிடைத்தன.

கருமாதிப் பத்திரிகை

இதை எழுதும்போது நான் இளைஞனாக வேலை பார்த்த ஓர் அச்சகம் நினைவுக்கு வருகிறது. டெல்டாவில் ஒரு சின்ன ஊர். ஈய எழுத்துக் கோத்து, டிரெடில் மிஷினில் அடிக்கும் காலத்தின் கடைசி வருஷங்கள். அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பிழை திருத்தும் பெரியவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, காலி புரூஃபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்ப்பார். மற்றவர் மிஷின்மேன். மிதி நின்றால் அவருக்கு மூச்சு நின்றது போல.

“அண்ணே, பாத்தாச்சா? மை காயுதுண்ணே.”

“இருப்பா. மாப்பிள்ளை இனிஷியலு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“இனிஷியலு தப்பா இருந்தா மாப்பிள்ளை மாறிடுவாராண்ணே?”

“மாற மாட்டாரு. ஆனா அவங்க அப்பா மாறிடுவாரு தம்பி.”

நாள் முழுக்க இதே பேச்சுதான். எனக்கு அப்போது மிஷின்மேனைப் பிடிக்கும். பிழை திருத்துபவரைக் கண்டால் எரிச்சல் வரும். ஒருமுறை ஒரு கருமாதிப் பத்திரிகை வந்தது. இறந்தவரின் பிள்ளைகள், பெண்கள், சம்பந்திகள் என்று நீளமான பட்டியல். பெரியவர் ஒரு பெயரில் சந்தேகப்பட்டு, அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டு, மறுபடி கோத்து, மறுபடி பார்த்து முடித்தார். பத்திரிகை ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அச்சாயிற்று, கருமாதி முடிந்த மறுநாள். அந்த வீட்டு மூத்த மகன் கட்டைப் பிரிக்காமலேயே மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

இன்னொரு முறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மிஷின்மேன் தானே பார்த்து ஒரு கல்யாணப் பத்திரிகையை ஓட்டிவிட்டார். முகூர்த்தத் தேதி ஒன்று, கிழமை வேறு. ஐந்நூறு பத்திரிகை. எல்லாவற்றையும் மறுபடி அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

முதலாளி இரண்டு பேரையும் உட்காரவைத்து இனி ஒத்துப்போக வேண்டும் என்று புத்தி சொன்னார். இருவரும் தலையை ஆட்டினார்கள். அடுத்த நாள் முதல் பெரியவர் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார், மிஷின்மேன் அவசரப்படுத்துவதைக் குறைத்துக்கொண்டார். அச்சகம் அமைதியாயிற்று. பிழையும் கூடியது, தாமதமும் கூடியது. அந்த அமைதியை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் தங்கள் வேலையில் வைத்திருந்த பிடிவாதத்தை விட்டுவிட்ட அமைதி அது.

பிள்ளையையும் ஐயரையும் யாரும் அப்படி உட்காரவைத்துப் புத்தி சொல்லவில்லை. அது நம்முடைய அதிர்ஷ்டம்.

அதே கல்லூரி, அதே 1887

சிந்தாமணியும் கலித்தொகையும் வெளிவந்த அதே 1887இன் டிசம்பரில்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன் பிறந்தார். ஈரோட்டில் பிறந்தாலும் வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த வருஷம் ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்ததும் அங்கேதான்.

பத்து வருஷம் கழித்து, 1914இல், கேம்பிரிட்ஜில் அவர் கணித அறிஞர் ஹார்டியோடு வேலை செய்யத் தொடங்கினார். ராமானுஜனுக்கு விடை முதலில் வரும். குலதெய்வமான நாமகிரித் தாயார் கொடுத்தாள் என்பார். ஹார்டிக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. நிரூபணம் இல்லாத விடை அவருக்கு விடையே அல்ல. ராமானுஜனைப் பள்ளிப் பையன் போல முதலிலிருந்து எல்லாம் படிக்கவைத்தால் அவருடைய தன்னம்பிக்கையும் கற்பனை வேகமும் கெட்டுவிடுமோ என்று ஹார்டி பயந்தார். அத்தியாவசியமானதை மட்டும் சொல்லிக்கொடுத்து, மற்றதை அவர் போக்கில் விட்டார். எண்களின் பிரிவினை பற்றி 1918இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இன்றைக்கும் கணிதத்தில் ஒரு மைல்கல்.

ஹார்டியும் ராமானுஜனும் ஒரே மேசையில் சேர்ந்து உழைத்தார்கள். பிள்ளையும் ஐயரும் அப்படிச் சேரவே இல்லை. ஆனாலும் இரண்டு ஜோடிகளிலும் நான் காண்பது ஒரே விஷயம்: எதிராளியின் முறை தனக்குப் பிடிக்காவிட்டாலும், அவர் கையில் இருக்கும் வேலை நடந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம்.

சுவரும் கூரையும்

பழந்தமிழ்ப் பதிப்பு வரலாற்றை ஒரு கட்டடமாக உவமித்த திரு.வி.க., அடித்தளம் போட்டவர் நாவலர், சுவர் எழுப்பியவர் தாமோதரம் பிள்ளை, கூரை வேய்ந்தவர் சாமிநாதையர் என்று சொன்னார். அழகான உவமை, நியாயமான பங்கீடும்கூட. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. சுவர் வைத்துவிட்டுக் கொத்தனார் போன பிறகு கூரை வேய்பவர் வருவார். ஒருவருக்கொருவர் உரசல் இருக்காது. நிஜத்தில் இந்த இருவரும் ஒரே சமயத்தில், ஒரே செங்கல்லுக்குக் கை நீட்டினார்கள். அந்த உரசலை மறைத்துவிட்டு மரியாதையாகப் பேசினால் இருவருடைய உழைப்பின் சூடும் நமக்குத் தெரியாமல் போய்விடும்.

வெளியிலிருந்தும் இருவருக்கும் அடி விழுந்தது. ஐயரின் சிந்தாமணிப் பதிப்பைத் தாக்கித் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத அவர் துடித்தபோது, கல்லூரியில் உடன் வேலை பார்த்த சாது சேஷையர் தடுத்தார். பதில் எழுதும் நேரத்தில் இன்னொரு நூலைப் பதிப்பிக்கலாமே என்பது அவருடைய நியாயம். நல்ல சக ஊழியர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது. பிள்ளை நேர்மாறு. தம்மைக் குறை சொன்னவர்களுக்கு அவருடைய பதிப்புரைகளிலேயே பதில் இருக்கிறது. இதிலும் இருவர் சுபாவமும் ஒன்றல்ல.

பிள்ளைக்கு 1895இல் ராவ்பகதூர் பட்டம் கிடைத்தது. அகநானூற்றைப் பதிப்பிக்கத் தொடங்கியிருந்தார். முடிக்க ஆயுள் இடம் கொடுக்கவில்லை. ஐயர் 1942 வரை வாழ்ந்தார். குறுந்தொகையை வெளியிட்டபோது அவருக்கு வயது 82. ஒருவருக்கு 68 வருஷம், மற்றவருக்கு 87 வருஷம். பிள்ளை ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ‘என் சரித்திரம்’ படியுங்கள், கட்டாயம் படியுங்கள். படித்து முடித்த கையோடு தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளையும் படியுங்கள். அவை நூலாகத் தொகுக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஒரே ஊரில் இருந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் தெரிந்துவைத்திருப்பது நம் ஊருக்கு அழகல்ல.

தாமோதரம் பிள்ளை 1901 ஜனவரி 1ஆம் தேதி சென்னையில் காலமானார். பல புலவர்கள் இரங்கற்பா பாடினார்கள். சாமிநாதையரும் ஒரு வெண்பா பாடினார். சிந்தாமணியைத் தர மறுத்தவரின் அந்த வெண்பா, பிள்ளை அச்சேற்றிய தொல்காப்பியத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது.